20 மில்லி எங்கே போனது?

ஒரு பவுன் 8 கிராம். கணக்கே வராதவர்களுக்கும் நம் பக்கத்தில் இது தெரியும். தராசு கிராமில்தான் காட்டும். அடகு வைக்க வருபவரோ "ஒன்றரைப் பவுன் செயின்" என்றுதான் சொல்வார். நான் வேலை பார்த்த கடன் சங்கத்தில் நகைக்கடன் கவுன்ட்டருக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, புரோகிராம் எழுதிய கம்பெனிக்காரர்கள் இருவரையும் திருப்திப்படுத்த நினைத்தார்கள். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள், ஒன்று கிராமுக்கு, ஒன்று பவுனுக்கு. எதில் எண்ணைப் போட்டாலும் மற்றதில் கணக்குத் தானாக வந்துவிடும். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

அந்த இரண்டு பெட்டிகளால் எங்கள் நகை மதிப்பீட்டாளர், நாங்கள் எல்லோரும் பத்தர் என்று கூப்பிடுபவர், ஒரு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை.

முதலில் கொஞ்சம் உள்விவரம் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டர் பக்கமே போகாதவர்களும் படிக்கலாம், கஷ்டமில்லை. அந்தக் காலத்தில் இதுபோன்ற ஆபீஸ் புரோகிராம்கள் நிறைய விஷுவல் பேசிக் 6 என்பதில் எழுதப்பட்டன. 1998-இல் வந்தது அது. அதில் ஒவ்வொரு பெட்டிக்கும் 'சேஞ்ச்' என்று ஒரு நிகழ்வு உண்டு. பெட்டிக்குள் இருப்பது மாறினால் உடனே அதற்கென்று எழுதி வைத்த வரிகள் ஓடும். ஆனால் மாற்றியது யார் என்று அது கேட்காது. நீங்கள் விரலால் தட்டினாலும், புரோகிராமே எண்ணைக் கொண்டுவந்து போட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

இப்போது கிராம் பெட்டியில் 1 என்று தட்டுங்கள். எட்டால் வகுத்தால் 0.125. பவுன் பெட்டிக்கு இரண்டு தசமம்தான் என்பதால் 0.13 என்று போய் உட்காரும். பவுன் பெட்டி மாறிவிட்டது அல்லவா? அதன் சேஞ்ச் ஓடும். 0.13-ஐ எட்டால் பெருக்கி 1.040 என்று கிராம் பெட்டியில் எழுதும். நீங்கள் தட்டியது 1, நிற்பது 1.040. போதாததற்குக் கர்சரும் பெட்டியின் தலைப்பக்கம் போய்விடும். அடுத்த எண் எல்லாவற்றுக்கும் முன்னால் விழும். முதல் நாளே கவுன்ட்டரில் கிளார்க் அம்மா கத்தினார்: "சார், இது என்னை அடிக்கவே விட மாட்டேங்குது!"

இதைவிட மோசமும் உண்டு. டாலர், ரூபாய் என்று இரண்டு பெட்டிகள் வைத்து, போகும்போது ஒரு ரேட், திரும்பும்போது வேறு ரேட் என்று எழுதிவிட்டால், ஒவ்வொரு சுற்றிலும் எண் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு பெட்டி மற்றதை எழுப்ப, அது இதை எழுப்ப, கடைசியில் ஸ்டாக்கில் இடம் இல்லை என்று 28-ஆம் நம்பர் பிழையைக் காட்டிப் படுத்துவிடும். இப்படிக் கத்துகிற கோளாறுகளால் பெரிய கெடுதல் இல்லை. யாராவது வந்து சரிசெய்துவிடுவார்கள்.

எங்களுக்கும் கம்பெனியிலிருந்து ஒரு பையன் வந்தார். அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. சேஞ்சில் இருந்த கணக்கை எடுத்து 'லாஸ்ட்ஃபோகஸ்' என்ற நிகழ்வில் வைத்தார். அதாவது, தட்டும்போது எதுவும் நடக்காது, கர்சர் பெட்டியை விட்டு வெளியே போகும்போதுதான் கணக்கு ஓடும். தட்டுவதற்கு இருந்த தொல்லை போயிற்று. பையனுக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்பினோம்.

சில மாதம் கழித்து ஒரு அம்மா கடனைக் கட்டிவிட்டுச் செயினைத் திருப்ப வந்தார். விதிப்படி அவர் முன்னால் எடை போட்டார்கள். ரசீதில் 12.320, தராசில் 12.300. "இருபது மில்லி குறையுதே தம்பி" என்றார் அந்த அம்மா. அதிர்ந்துகூடப் பேசவில்லை. வரிசையில் நின்ற ஒருவர்தான், தங்க வேலை செய்கிறவர்களைப் பற்றி ஊரில் வழங்குகிற அந்தப் பழமொழியை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். அதை இங்கே எழுத எனக்கு மனமில்லை. பத்தர் கல்லாய் நின்றார்.

அடுத்த இரண்டு வாரத்தில் இன்னும் இரண்டு ரசீது அதேபோல் வந்தன. செக்ரட்டரி பத்தருக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். பத்தர் தன் கையால் எழுதிய மதிப்பீட்டுச் சீட்டை எடுத்துக் காட்டினார். அதில் 12.300 என்றுதான் இருந்தது. "சீட்டை அப்புறமாகவும் எழுதலாமே" என்றார் செக்ரட்டரி. அவரையும் குறை சொல்ல முடியாது. அச்சடித்த ரசீதை நம்பாமல் கையெழுத்தையா நம்புவார்?

கம்ப்யூட்டர் பிரிவு என் பொறுப்பில் இருந்ததால் மூன்று ரசீதுகளையும் வாங்கிப் பார்த்தேன். மூன்றும் அந்தக் கிளார்க் அம்மா போட்டவை. பக்கத்து சீட்டில் இருந்த பெரியவர் போட்ட ரசீது ஒன்றிலும் வித்தியாசம் இல்லை. இனிமேல் அந்தப் பெண்ணைச் சந்தேகப்படுவார்களே என்று எனக்குப் பயமாகிவிட்டது. அவர் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அவர் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவர். மவுஸைத் தொடவே மாட்டார். எண், டேப், டேப், எண் என்று கை ஓடிக்கொண்டே இருக்கும். பெரியவரோ ஒற்றை விரல்காரர். கிராமைத் தட்டிவிட்டு மவுஸைப் பிடித்து நேராக அடுத்து வேண்டிய பெட்டிக்குப் போய்விடுவார். பவுன் பெட்டிக்குள் காலே வைப்பதில்லை.

"மெதுவா அடிம்மா" என்றேன். 12.300 தட்டினார். டேப். பவுன் பெட்டியில் 1.54 வந்தது. உண்மையில் அது 1.5375. கர்சர் இப்போது பவுன் பெட்டியில். அங்கே அவருக்கு வேலை இல்லை, மறுபடி டேப். பவுன் பெட்டியை விட்டு வெளியே வந்ததால் அதன் கணக்கு ஓடியது. அங்கே யாரும் எதையும் மாற்றவில்லை என்பது அதற்குத் தெரியாது. 1.54 பெருக்கல் 8. எங்கள் கண் முன்னால் 12.300 சத்தமில்லாமல் 12.320 ஆயிற்று. வழக்கமான வேகத்தில் அவர் கண் அதற்குள் வட்டிப் பெட்டிக்குப் போயிருக்கும்.

வேறு எடைகளையும் போட்டுப் பார்த்தோம். 9.950 என்பது 9.920 ஆயிற்று. நகையை வைத்தவருக்கு ரசீதில் 30 மில்லி குறைவு. இதைக் கேட்டு யாரும் வரவில்லை. திருப்பும்போது எடை கூடுதலாக இருந்தால் யார் சண்டை போடுவார்கள்?

பத்தரைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூன்று தடவை பார்த்தார். "செக்ரட்டரி ஐயாவையும் பாக்கச் சொல்லுங்க சார்" என்றார், அவ்வளவுதான்.

கம்பெனியில் இதற்கு ஒரு கொடி வைத்தார்கள். புரோகிராமே பெட்டியில் எழுதும்போது கொடி ஏறும், அதைப் பார்த்தால் மற்றப் பெட்டி கணக்குப் போடாது. இது எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். ஆனால் நடுவில் ஏதாவது பிழை வந்து கொடி இறங்காமல் நின்றுவிட்டால் பெட்டி செவிடாகிவிடும். யாராவது எண்ணை முழுதாக அழித்துப் பெட்டியைக் காலியாக விட்டாலே அந்தப் பிழை வரும். தவிர, எங்கள் கோளாறு பெட்டியை விட்டு வெளியே வரும்போது வருவது, அதற்குக் கொடி மட்டும் போதாது. பவுன் பெட்டியில் கையால் தட்டியிருந்தால் மட்டுமே கிராம் மாற வேண்டும், சேமிப்பது கிராம் மட்டுமே என்று கேட்டு எழுதி வாங்கினேன். இரண்டு பெட்டி இருந்தால் ஒன்றுதான் வீட்டுக்காரர், மற்றது குடித்தனம். எங்களுக்குத் தராசு சொல்வது கிராம், ஆகவே கிராம்தான் வீட்டுக்காரர்.

பிற்பாடு க்யூட்டி என்ற இன்னொரு கருவியைப் பார்த்தேன். அதில் எப்படி மாறினாலும் சொல்வதற்கு ஒரு சிக்னல், பயன்படுத்துபவர் கையால் மாற்றினால் மட்டும் சொல்வதற்கு வேறு சிக்னல் என்று தனித்தனியாகவே வைத்திருக்கிறார்கள். எக்ஸெலில் மேக்ரோ எழுதுகிறவர்களுக்கும் இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். ஷீட் மாறினால் ஓடும் மேக்ரோ அதே ஷீட்டில் எழுதினால் தன்னையே எழுப்பிக்கொள்ளும். அதற்காக நிகழ்வுகளை நிறுத்திவிட்டு, மறுபடி போட மறந்துவிட்டு, மேக்ரோ ஏன் ஓடவில்லை என்று தேடுகிறவர்கள் இன்றும் உண்டு.

நிலுவையில் இருந்த ரசீதுகளை எல்லாம் பத்தரின் சீட்டுகளோடு ஒப்பிட்டுச் சிவப்பு மையில் திருத்தினோம். மெமோவை வாய்வார்த்தையாக வாபஸ் வாங்கினால் போதும் என்று செக்ரட்டரி நினைத்தார். பத்தர் எழுத்தில்தான் வேண்டும் என்று நின்று வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு ரசீது வாடிக்கையாளர் கைக்குப் போகும் முன், எடையைப் பார்த்துப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுத்தான் கொடுப்பார்.