எண்ணிழந்த வண்டி

தூத்துக்குடிப் பனிமய அன்னைக்குப் பொற்றேர் இழுத்த நாள் என்று சொன்னால், நம் வாசகக் குடும்பங்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் வரும் திருவிழா வேறு. ஆண்டுகள் பல காத்திருந்து காணும் பொற்றேர் வேறு. 2013-இல் கண்டோம், பிறகு 2023 ஆகஸ்டு 5-ஆம் நாள், சனிக்கிழமையன்று கண்டோம். கடற்கரைச் சாலை நெடுகிலும் அன்று மனிதத் தலைகளே தெரிந்தன. நாமும் நம் இல்லாளும் ஸ்கூட்டரை நான்கு தெருக்களுக்கு அப்பால் ஒரு சுவரோரம் நிறுத்திவிட்டு நடந்தே சென்றோம். வடத்தைத் தொட்டுக் கும்பிடும் பேறும் கிடைத்தது. உள்ளம் நிறைந்து திரும்பி வந்து பார்த்தால், வண்டியின் பின்புறத்தில் எண் தகட்டைக் காணோம்.

முன்புறத் தகடு இருந்தது. பின்புறத்தில் தகட்டைத் தாங்கியிருந்த பிளாஸ்டிக் பகுதி பிளந்து தொங்கியது. நெரிசலில் எவருடைய வண்டியோ இடித்து விழுந்ததா, எவரேனும் பிடுங்கிச் சென்றாரா என்று அறியக்கூடவில்லை. இல்லாள் பதுவைப் பதியரான புனித அந்தோணியாரை வேண்டிக்கொண்டே அத்தெருவை மூன்று முறை நடந்து தேடினாள். தொலைந்த பொருளைத் தேடித் தருபவர் அவரே அன்றோ! ஆனால் அன்று அவருக்கும் திருவிழாக் கூட்டத்தில் வழி கிடைக்கவில்லை போலும்.

"காவல் நிலையத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று அன்றிரவே அவள் சொன்னாள். மறுநாள் ஞாயிறு. திங்களன்று வேலை. செவ்வாயன்று, "அப்பா, ஸ்டிக்கர் கடையில் அரை மணி நேரத்தில் செய்து தருவார்கள்" என்று மகன் யோசனை கூறினான். அந்த யோசனை நமக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஒரு தகட்டுத் துண்டுக்காகக் காவல் நிலையப் படியேறுவானேன் என்ற எண்ணமே காரணம். கடைக்காரர் டி.என். 69 என்று தொடங்கும் நம் எண்ணை அழகாக ஒட்டி, ஓரத்தில் அசோகச் சக்கரம் போன்ற ஒரு ஒட்டுப்படத்தையும் வைத்துக் கொடுத்தார். பார்வைக்கு அசலேதான். அவருடைய கைத்திறனைப் பாராட்டிவிட்டும் வந்தோம்! செய்தது பிழை என்ற எண்ணம் அப்போது நம் மனத்தில் எழவே இல்லை. எண் நம்முடையது, வண்டி நம்முடையது, இதில் யாருக்கு என்ன நட்டம் என்றே நினைத்தோம்.

ஆகஸ்டு 15, தேவமாதாவின் விண்ணேற்புப் பெருவிழா. பூசை முடிந்து மைத்துனர் நம் வீட்டுக்கு உணவருந்த வந்தார். இல்லாளுக்கு இளையவர், விசைப்படகில் தொழில் செய்பவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தகட்டைப் பார்த்துவிட்டார். குனிந்து, பெருவிரலால் ஒருமுறை தடவினார்.

"அத்தான், இது அசல் இல்லையே?"

நடந்ததைச் சொன்னோம். அவர் நகைக்கவில்லை. சாப்பிட அமர்ந்த பின்னும் அதே பேச்சு. "எங்கள் படகின் முகப்பில் ஐ.என்.டி., டி.என்., 12, எம்.எம். என்று பெரிதாக எழுதியிருக்கிறதே, எதற்கென்று நினைக்கிறீர்கள்? நாடு இன்னது, மாநிலம் இன்னது, மாவட்டம் இன்னது, விசைப்படகு என்று பொருள். அதற்குப் பின்னால் வருவது எங்கள் எண். உப்புத் தண்ணீர் பட்டு ஓர் எழுத்து உதிர்ந்தாலும் வண்ணம் பூசிய பிறகுதான் கடலுக்குப் போவோம். நடுக்கடலில் கடலோரக் காவல் படையினர் எங்கள் முகத்தையா பார்க்கிறார்கள்? எண்ணைத்தான் பார்க்கிறார்கள். எங்கள் எண்ணை வேறொருவன் தன் படகில் எழுதிக்கொண்டு போனால், அவன் எல்லை தாண்டியதும் எங்கள் கணக்கு, அவன் கடத்தியதும் எங்கள் கணக்கு. உங்கள் தகடு இப்போது யார் கையில் இருக்கிறது அத்தான்?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் விடையில்லை. மறுநாள், 16-ஆம் தேதி, காவல் நிலையம் சென்று மனு கொடுத்து, ஏற்புச் சீட்டும் பெற்றுக்கொண்டோம். நாம் அஞ்சியபடி ஒன்றும் நேரவில்லை. எழுதியவர் வண்டியின் எண்ணையும், தகடு காணாமற்போன நாளையும் இடத்தையும் கேட்டார். "ஐந்தாம் தேதியா?" என்று மட்டும் நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்து, வண்டி வாங்கிய விற்பனை நிலையம். 2019 ஏப்ரல் 1 முதல் செய்யப்பட்ட வண்டிகளுக்கெல்லாம் உயர் பாதுகாப்பு எண் தகடு கட்டாயம் என்பது அரசு விதி. இது சாதாரணத் தகரம் அன்று. அலுமினியத் தகட்டின் இடப்பக்க மேல் மூலையில், 20 மில்லிமீட்டர் அளவில், குரோமியத்தால் ஆன அசோகச் சக்கரம் மின்னும்; வண்ணம் மாறிக் காட்டும் அதனை ஹாலோகிராம் என்கின்றனர். அதன் கீழ் நீல எழுத்தில் ஐ.என்.டி. என்றிருக்கும். லேசர் ஒளியால் பொறித்த தனி எண் ஒன்றும் உண்டு. இது வண்டியின் எண் அன்று, தகட்டின் எண். இவ்வளவும் வண்டியின் எஞ்சின் எண்ணோடும் சேசிஸ் எண்ணோடும் அரசுப் பதிவேட்டில் இணைக்கப்பட்டுள்ளன. ஸ்டிக்கர் கடைக்காரர் ஒட்டித் தந்த சக்கரத்தின் பின்னால் எந்தப் பதிவேடும் இல்லை என்பது நமக்கு அப்போதுதான் விளங்கிற்று. இதைத்தான் மைத்துனரின் பெருவிரல் கண்டுபிடித்தது.

கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இடையில் ஒரு சொல். முன் கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் சிறு வில்லையும் விதிப்படி ஒரு தகடேதான், மூன்றாவது தகடு. பெட்ரோல் வண்டிக்கு இளநீலமும் டீசல் வண்டிக்கு ஆரஞ்சு நிறமும் அதில் இருக்கும். உரித்தால் தானே சிதைந்துவிடும்படி செய்யப்பட்டது. ஆகவே கண்ணாடியை மாற்ற நேர்ந்தால் வில்லையையும் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டும். கண்ணாடியை மாற்றிவிட்டு வில்லையை மறந்தவர்கள் நம் பங்கிலேயே உளர்.

விற்பனை நிலையத்தில் மனுவின் நகல், பதிவுச் சான்று, ஆதார் அட்டை ஆகியவற்றைக் கேட்டனர். பின்புறத் தகடு மட்டுமே தொலைந்தது என்று குறித்துக்கொண்டனர். வந்த தகட்டை நம் கையில் தரவில்லை; வண்டியைக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே பொருத்தினர். ஒருமுறை அழுத்திவிட்டால் திரும்பக் கழற்ற இயலாத பூட்டு அது. உடைத்துத்தான் எடுக்க வேண்டும். நாம் மாட்டியிருந்த போலித் தகட்டை அவர்களே இரண்டாக வெட்டிப் போட்டனர்.

எண் மாறவில்லை. புதிய தகடு, பழைய எண். ஞானஸ்நானச் சான்றிதழ் தொலைந்துவிட்டால் யாருக்கும் மறுமுறை ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. பங்கு ஏட்டில் பெயர் இருக்கிறது, அதைப் பார்த்துச் சுவாமியார் வேறு பிரதி எழுதித் தருகிறார். ஏறக்குறைய அதே முறைதான் இதுவும் என்று எண்ணி, பாரம் நீங்கியவராய் வீடு திரும்பினோம்.

பாரம் நீங்கவில்லை. அந்த மாதக் கடைசியில் ஒரு மாலை, காவலர் இருவர் நம் வீட்டுக்கு வந்தனர். "ஆகஸ்டு 11-ஆம் தேதி மாலை ஏழு மணிக்கு உங்கள் வண்டி எங்கே இருந்தது சார்?" என்று கேட்டனர். அன்று மாலை, நகருக்கு வெளியே வேலை முடிந்து நடந்து சென்ற ஒரு பெண்ணின் கழுத்துச் சங்கிலியை இருவர் பறித்துச் சென்றனராம். வழியிலிருந்த கடையின் கேமராவில் பதிவான எண் நம்முடையது.

இல்லாளின் முகம் வெளுத்துவிட்டது. நாம் அவ்வேளையில் பங்குப் பேரவைக் கூட்டத்தில் இருந்தோம், வண்டி கோவில் வளாகத்தில் நின்றது, சுவாமியாரே சாட்சி. மேலும் கேமராவில் கண்டது கறுப்பு மோட்டார் சைக்கிள், நம்முடையதோ சாம்பல் நிற ஸ்கூட்டர். மனுவின் சீட்டையும் காட்டினோம். காவலரில் மூத்தவர் அதைப் படித்து, தேதியை விரலால் தொட்டார்.

"பதினாறாம் தேதி கொடுத்திருக்கிறீர்கள். தொலைந்தது ஐந்தாம் தேதி. மறுநாளே கொடுத்திருந்தால் இது திருடுபோன எண் என்று எங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் சார்."

கடிந்து சொல்லவில்லை. மரியாதையாகவே சொன்னார். அவர்கள் போன பிறகு வெகு நேரம் நாம் திண்ணையிலேயே இருந்தோம். முன்னதாகச் சொல்லியிருந்தால் அந்தச் சங்கிலி தப்பியிருக்குமா? தப்பாமலும் இருந்திருக்கலாம். ஆயினும் அந்தப் பதினொரு நாளில் நம் பெயரால் ஒரு தீமை ஊருக்குள் உலவிக்கொண்டிருந்தது. நாமோ இன்னொரு பொய்த் தகட்டை மாட்டிக்கொண்டு அதற்கு முன்னும் பின்னும் உலவிக்கொண்டிருந்தோம். செய்த பாவத்திற்கு மட்டுமன்று, செய்யாமல் விட்ட கடமைக்கும் பூசையின் தொடக்கத்தில் வாரந்தோறும் மன்னிப்புக் கேட்கிறோம். அவ்வாறு விட்ட கடமை எதுவென்று நாம் ஒருநாளும் யோசித்ததில்லை.

சுவாமியாரிடம் சென்று சொன்னோம். அவர் தகட்டைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அந்தப் பெண்ணைப் போய்ப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார். அவரே விசாரித்து, அடுத்த பங்கைச் சேர்ந்தவர் என்று ஊரும் தெருவும் சொன்னார்.

நாமும் இல்லாளும் சென்றோம். உப்பளத்தில் வேலை செய்பவர். உப்பு வெள்ளையில் கூசிக் கூசிச் சுருங்கிய கண்கள். கழுத்தில் இப்போது மஞ்சள் கயிறு இருந்தது. நாம் இன்னார் என்று சொல்லி, நடந்ததை ஒளிக்காமல் சொன்னோம். கேட்டுக்கொண்டே இருந்தவர் எழுந்து உள்ளே சென்று கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்தார். குடித்து முடிக்கும்வரை யாரும் பேசவில்லை.

"அடகிலிருந்து தவசுக் காலத்தில்தான் மீட்டேன் அம்மா" என்று இல்லாளிடம் சொன்னார். பிறகு நம்மைப் பார்த்து, "தகடு விழுந்தால் போய்ச் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு மட்டும் தெரியுமா ஐயா? என் மகன் வண்டியில் முன் தகட்டைக் காணோம். ஒரு மாதமாக அப்படியேதான் ஓட்டுகிறான்" என்றார்.

மகன் வாசலில்தான் நின்றிருந்தான். இருபது வயதிருக்கும். மறுநாள் காலை அவனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். மனு எழுத அவனிடம் பேனா இல்லை. நம்முடையதைக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டோம்.