ஓடிப் பார்த்த ஊர்கள்: பெடர் ரோடு ஏற்றம்

ஹைதராபாத்தில் மேம்பாலம் மேம்பாலமாக ஏறி இறங்கிய கதையைப் போன இதழில் முடித்தேன். ஆகஸ்ட் புழுக்கத்தில் நெக்லஸ் ரோட்டில் கிளம்பி, துர்கம் செருவு கேபிள் பாலத்தைக் கடந்து, கச்சிபௌலி ஸ்டேடியத்தில் போய் விழுந்த அந்தக் காலையில் சாலையும் சரிவும்தான் மனதில் நின்றன. மனித முகம் எதுவும் நிற்கவில்லை. மும்பை அதற்கு நேர்மாறு. அங்கே தூரத்தைச் சொல்லச் சொன்னால் திணறுவேன், ஓரத்தில் நின்றவர்களைச் சொல்லச் சொன்னால் விடியவிடியச் சொல்வேன்.

மும்பை மாரத்தான் ஜனவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. 2004-இல் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து போகிறவனுக்கு நாகர்கோவில்–மும்பை எக்ஸ்பிரஸ்தான் கதி. ஒன்றரை நாளுக்கு மேல் ரயிலிலேயே கிடக்க வேண்டும். விமானத்தில் போகலாமே என்று கேட்பவர்களிடம், ஓட்டத்துக்கு முன் இவ்வளவு ஓய்வு வீட்டில் எவன் கொடுப்பான் என்று திருப்பிக் கேட்பேன். மல்லாந்து படுத்துக்கொண்டு ஆந்திராவின் பாறைகளைப் பார்க்கலாம். குண்டக்கல், சோலாப்பூர் மாதிரி வண்டி நின்று போகிற ஸ்டேஷன்களில் இறங்கி, பிளாட்பாரத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தால் முழங்கால் இறுகாது. வீட்டுப் புளியோதரையும் தயிர்ச்சாதமும் கூடவே வரும். ஓட்டத்துக்கு முந்தைய நாட்களில் புதுச் சாப்பாட்டைத் தொடக் கூடாது என்பது ஓட்டக்காரர்களின் முதல் சட்டம். கர்ஜத்தில் வண்டி நிற்கும்போது ஜன்னல் வழியே வரும் வடா பாவ் வாசனை இந்தச் சட்டத்துக்கு எதிரி. வாயைக் கட்டிக்கொண்டு கடந்தேன்.

தங்கல் தாராவியில், தொண்ணூறு அடி ரோட்டை ஒட்டிய சந்தில் சித்தி வீடு. தோல் பதனிடும் வேலைக்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே நெல்லைக்காரர்கள் வந்து குடியேறிய பகுதி அது. சந்துக்குள் நுழைந்தால் பேச்சு நம் பேச்சு, கோலம் நம் கோலம். சித்தி எனக்குச் சோறு போட்டுக்கொண்டே விசாரணையைத் தொடங்கினாள்.

"துட்டக் கெட்டியாலே ஓடப் போற?"

"ஆமா சித்தி."

"செயிச்சா என்ன குடுப்பாவ?"

"செயிக்கதுக்கு எல்லாம் வெளிநாட்டுக்காரங்க இருக்காங்க சித்தி. ஓடி முடிச்சா எல்லாருக்கும் ஒரு மெடல் உண்டு."

"எல்லாருக்கும் உண்டுன்னா பெறவு எதுக்குல போட்டி?"

இந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிச் சமாளித்தேன்.

அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து கீழே இறங்கினால், சந்தில் எனக்கு முன்பே ஒரு வேலை தொடங்கியிருந்தது. தாராவியின் இட்லிக்காரர்கள். வாசலில் ஆளுயர அலுமினிய அடுக்குகளிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. ஒருவர் தட்டுகளை ஒவ்வொன்றாக உருவித் துணியோடு கவிழ்க்க, இன்னொருவர் எண்ணி எண்ணிப் பெரிய பாத்திரத்தில் அடுக்கினார். சட்னிக்கு ஒரு தூக்கு, சாம்பாருக்கு ஒரு தூக்கு. விடிவதற்குள் இவை சைக்கிளிலும் தலையிலும் நகரம் முழுக்கப் போய்விடும். தினமும் இவர்கள் போகிற தூரத்துக்கு யாரும் மெடல் போடுவதில்லை என்று சித்தி சார்பில் எனக்கே தோன்றியது. சயான் ஸ்டேஷனில் ஏறிய லோக்கலில் இருந்தவர்கள் இரண்டே ரகம்: பாத்திரக்காரர்கள், பிப் என்கிற எண் அட்டை குத்திய பனியன்காரர்கள். சாம்பார் வாசனையும் வலி ஸ்ப்ரே நெடியும் கலந்த ஒரு பெட்டியை வேறெந்த ஊரிலும் பார்க்க முடியாது.

சி.எஸ்.எம்.டி. ஸ்டேஷன் முன்னால் இருட்டில் கிளம்பியதும், மெரின் டிரைவில் ஓடியதும், சௌபாத்தியைக் கடந்ததும் சட்டென்று போய்விட்டன. முதல் பத்து கிலோமீட்டரில் எல்லோரும் வீரர்கள்தான். அங்கே கதை இல்லை.

கதை வொர்லி கடற்கரையைத் தாண்டி சீ லிங்க்கில் ஏறும்போது வருகிறது. கடலுக்கு மேல் 5.6 கிலோமீட்டர் நீளத்துக்கு, 2009-இல் திறந்த பாலம். அதில் நடக்க அனுமதி கிடையாது. பைக்குக்கும் ஆட்டோவுக்கும் கிடையாது. சித்தி மகன் இந்த ஊரிலேயே பிறந்தவன், பைக்கில் ஊரையே சுற்றுகிறவன். பாலம் அவன் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ஒரு நாளும் அதில் கால் வைத்ததில்லை. நெல்லையிலிருந்து வந்த நான் பணம் கட்டிய ஒரே காரணத்தால் நடுப்பாதையில் ஓடுகிறேன். வெளியூர்க்காரனுக்கு மாரத்தான் தருகிற பெரிய சலுகை இதுதான் என்பேன். வண்டிக்கு மட்டுமே சொந்தமான இடங்கள் சில மணி நேரம் காலுக்குச் சொந்தமாகின்றன. காரில் போகிறவனுக்குத் தெரியாதது ஒன்று எனக்குத் தெரிந்தது: பார்வைக்குத் தட்டையாகத் தெரியும் அந்தப் பாலம் தட்டை இல்லை. கேபிள் கோபுரத்தை நோக்கி மெல்ல ஏறுகிறது, தாண்டியதும் மெல்ல இறங்குகிறது. இணைப்பு இரும்பு ஒவ்வொன்றையும் உள்ளங்கால் எண்ணுகிறது. வலப்பக்கம் மாஹிம் கட்டடங்களுக்குப் பின்னால் வானம் வெளுத்தது. இடப்பக்கம் அரபிக்கடல் இன்னும் இருட்டாகவே கிடந்தது.

பாந்த்ராவில் இறங்கித் தெற்கே திரும்பினால் மாஹிம் தர்கா, சிவாஜி பார்க், சித்திவிநாயகர் கோயில். இந்த இடத்தில்தான் ஊர் விழித்துக்கொண்டு தெருவுக்கு வந்தது. பிப்பில் நம் பெயரை அச்சிட்டிருப்பார்கள். அதைப் படித்துக் கூவுவது அங்கே ஒரு விளையாட்டு. என் நெல்லைப் பெயர் மராத்தி வாய்களிலும் குஜராத்தி வாய்களிலும் பட்ட பாட்டைக் கேட்டிருந்தால், பெயர் வைத்த தாத்தா கேஸ் போட்டிருப்பார்.

வொர்லிப் பக்கம் திரும்பி வரும்போது பின்னால் சைரன் சத்தம். எலைட் ஓட்டக்காரர்கள். எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிந்திக் கிளம்பியவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். 2023-இல் எத்தியோப்பியாவின் ஹெய்லே லெமி இங்கே 2 மணி 7 நிமிடம் 32 விநாடியில் முடித்தார்; கிலோமீட்டருக்கு மூன்று நிமிடச் சொச்சம். அது எவ்வளவு வேகம் என்பதை டிவியில் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது, பக்கத்தில் காற்று வெட்டிக்கொண்டு போக வேண்டும். காலடிச் சத்தமே கேட்கவில்லை. நம்மவர்களில் சிவ்நாத் சிங்கை அப்போது நினைத்தேன். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் வெறுங்காலோடு ஓடிப் பதினோராவது இடம் பிடித்தவர். 1978-இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தேசியச் சாதனையாக நின்றது. நான் கணுக்கால் வரை மெத்தை வைத்த ஷூவில் நொண்டிக்கொண்டிருந்தேன்.

ஹாஜி அலி தாண்டியதும் பெடர் ரோடு ஏற்றம். கம்பாலா ஹில் என்கிற பழைய குன்றின் முதுகு அது. போகும்போது இதே குன்றை ஏறினோம், யாருக்கும் உறைக்கவில்லை. திரும்பும்போது முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் ஆகியிருக்கும், அங்கேதான் வினை. கணக்கு எளிது. என்னைப் போன்ற அறுபத்தைந்து கிலோ ஆளுக்குக் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 65 கலோரி செலவாகும். முழு ஓட்டத்துக்கு 2,700 வரை வரும். தசையிலும் ஈரலிலும் சேர்த்து வைக்கிற மாவுச்சத்துச் சேமிப்போ சுமார் 2,000 கலோரிதான். வழியில் ஒழுங்காக எதையும் உள்ளே தள்ளாதவனுக்கு முப்பது தாண்டியதும் கஜானா காலி. கொழுப்பை எரித்து ஓடலாம், ஆனால் அது அவசரத்துக்கு உதவாத சொந்தக்காரன்.

இந்தச் சாலையில் ஹாஜி அலியிலிருந்து சௌபாத்திவரை மேம்பாலம் கட்ட ஒரு காலத்தில் திட்டம் இருந்தது. பெடர் ரோட்டில் பிரபு குஞ்ச் கட்டடத்தில் குடியிருந்த லதா மங்கேஷ்கரும் ஆஷா போஸ்லேயும் எதிர்த்தார்கள். பாலம் வரவில்லை. நல்லவேளை. பாலம் வந்திருந்தால் அங்கே வசிப்பவர்கள் ஓட்டத்தை ஜன்னல் கம்பி வழியே பார்த்திருப்பார்கள். இப்போது அவர்கள் தெருவில் நிற்கிறார்கள், குடும்பம் குடும்பமாக, மடக்கு மேஜை போட்டு. ஒரு மேஜையில் உரித்த ஆரஞ்சுச் சுளை, அடுத்ததில் கடலை மிட்டாய், அதற்கடுத்ததில் கிண்ணத்தில் வெறும் உப்பு. நைட்டி மேல் சால்வை போர்த்திய ஒரு பாட்டி, வேலைக்காரப் பெண் பிடித்த தட்டிலிருந்து ஒவ்வொரு சுளையாக எடுத்து, ஓடுகிறவன் நிற்காமல் பிடிக்க வசதியாகக் கை நீட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையில் வைர வளையல். வியர்வையும் மூக்குச் சளியுமாய் வருகிற என் விரல்கள் அதில் இடித்தன. அவர் முகம் சுளிக்கவில்லை. "பஸ், தோடா ஹை" என்றார். இன்னும் கொஞ்சம்தான்! உண்மையில் ஆறு கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. எல்லா மாநிலத்திலும் எல்லா மொழியிலும் மாரத்தான் ஓரத்தில் சொல்லப்படுகிற பொய் இது ஒன்றுதான். உப்பை நாக்கில் வைத்துக்கொண்டு நடந்தேன், மேலே போனதும் மறுபடி ஓடினேன்.

இந்த உபசாரத்தை ரொம்பவும் சிலாகிக்கவும் தயக்கம்தான். வருஷத்தில் ஒரு காலை தெருவுக்கு வருவது சுலபம். அதே வாசலுக்கு மறுநாள் இட்லிப் பாத்திரத்தோடு போகிறவரிடம் லிஃப்ட் எது, படி எது என்று காவலாளி கேட்பார். ஆனாலும் அந்த உப்புக் கிண்ணம் இல்லையென்றால் நான் ஆம்புலன்ஸில்தான் இறங்கியிருப்பேன்.

மீதி இறக்கம்தான். மெரின் டிரைவில் வெயில் ஏறிவிட்டது. சர்ச்கேட், ஹுதாத்மா சௌக், கழுத்தில் மெடல். திரும்பும் லோக்கலில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. சயான் ஸ்டேஷன் படிகளை முதுகைத் திருப்பிக்கொண்டு பின்பக்கமாக இறங்கினேன். தொடைத் தசை கிழிந்தவனுக்கு அதுதான் வழி. சித்தி மெடலைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். "பித்தளையா?" என்றாள்.

அடுத்தது சத்தாரா, அதே மகாராஷ்டிரத்தில் மழைக்கால ஓட்டம். மும்பையில் இந்தியப் பெண்கள் பிரிவில் மூன்று முறை முதலாக வந்து, 2016 ரியோ ஒலிம்பிக்கில் 3,000 மீட்டர் ஸ்டீபிள்சேஸ் இறுதிச் சுற்றுவரை போன லலிதா பாபரின் மாவட்டம். தூரம் பாதிதான், 21 கிலோமீட்டர். ஆனால் யவதேஷ்வர் மலைப்பாதையில் முதல் பாதி முழுக்க ஏற்றம் என்பதை, பெயர் பதிந்து பணமும் கட்டிய பிறகுதான் சொன்னார்கள்.

(தொடரும்)