மினுக்கிய மஞ்சள் விளக்கு



போன மாதம் நல்ல மழையில் வால்பாறையிலிருந்து ஆழியாற்றுக்கு இறங்கினோம். மகன் ஓட்டினான். 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் இடப்பக்கம் திரும்பும்போது காரின் பின்பக்கம் வழுக்கி வெளியே போனது. பின் சீட்டில் பேத்தி. எனக்கு உயிரே இல்லை. மறுநொடி வண்டி நேராகிவிட்டது. டேஷ்போர்டில் சறுக்கும் கார் படம் போட்ட மஞ்சள் விளக்கு மினுக்கியது. "ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இருக்குப்பா, அது பாத்துக்கும்" என்றான்.

வாத்தியார் புத்தி விடுமா? வீட்டுக்கு வந்து படித்தேன். 1995-இல் மெர்சிடிஸ் காரில் வந்த ஏற்பாடு இது. ஸ்டீயரிங் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, வண்டி உண்மையில் எப்படித் திரும்புகிறது என்று சென்சார்கள் ஓயாமல் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் ஒரு சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடும். இன்ஜின் விசையையும் குறைக்கும். அன்று எங்களுக்கு வலது முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும். டிராக்‌ஷன் கண்ட்ரோல் இதன் தம்பி. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சக்கரம் வீணாகச் சுற்றினால் அடக்கும்.

ஆனால் டயருக்கும் ரோட்டுக்கும் இல்லாத பிடிப்பை இவற்றால் உண்டாக்க முடியாது. விளக்கு மினுக்கினால் "வேகத்தைக் குறை" என்று பொருள். மினுக்காமல் எரிந்துகொண்டே இருந்தால் பழுது, அல்லது யாரோ அணைத்திருக்கிறார்கள்.

மறுநாள் குனிந்து பார்த்தேன். பின் டயர் இரண்டும் வழவழவென்று தேய்ந்திருந்தன. மகன் எதுவும் பேசாமல் போய் மாற்றிவந்தான்.

பிள்ளைகளே, மலைக்குப் புறப்படும் முன் உங்கள் டயரையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.