கணக்குக் கேட்பது குற்றமா?

எங்கள் தந்தையார் கண்டி நகரில் ஒரு கடைக்கட்டடத்தையும் கட்டுகஸ்தோட்டையில் சிறு காணியொன்றையும் அம்மாவுக்கும் எங்களுக்கும் விட்டுச் சென்றார். தங்கையின் படிப்பு முடியும்வரை அவற்றைப் பராமரிக்கும்படி உறவினர் ஒருவரை மரணசாசனத்தில் நம்பிக்கைப் பொறுப்பாளராக நியமித்திருந்தார். வாடகைக் கணக்கைக் கேட்டோம். “உங்களைத் தூக்கி வளர்த்த என்னிடமா கணக்கு?” என்று அவர் சீறினார். அம்மா அழுதார், உறவு அறுந்துவிடுமே என்பது அவர் அச்சம்.

1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச்சட்டம் இதிலே தெளிவாகத்தான் இருக்கிறது. உறுதியில் பெயர் பொறுப்பாளருடையது, பயன் உரித்தாளிகளுடையது. கணக்கு வைத்திருப்பதும் கேட்டால் காட்டுவதும் அவர் கடமை. அச்சொத்தைக் கொண்டு தமக்கென ஆதாயம் தேடலாகாது. தவறினால் மாவட்ட நீதிமன்றம் அவரை விலக்கி வேறொருவரை நியமிக்கலாம். ஆனால் சட்டம் ஏட்டில் இருந்தது. சாவி அவர் மடியில் இருந்தது. நாங்கள் தமிழில் எழுதிய கடிதத்துக்கு அவருடைய சட்டத்தரணி ஆங்கிலத்தில் பதில் எழுதினார். அதற்கான கட்டணமும் எங்கள் வாடகையிலிருந்தே போயிற்று! சொத்துடைமையின் தந்திரத்தை இவ்வளவு சுருக்கமாக எந்த நூலும் எங்களுக்குக் கற்பித்ததில்லை.

கைகொடுத்தவர் அக்கடையை வாடகைக்கு வைத்திருந்த தையற்காரர். 11 ஆண்டுப் பற்றுச்சீட்டுகளைத் தகரப்பெட்டியொன்றில் அடுக்கி வைத்திருந்தார். ஓர் இரவு முழுதும் அமர்ந்து அவற்றைக் கூட்டினோம். தொகையை எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். இரு வாரத்தில் முதற் கணக்கு வந்தது: 3 தாள்கள். 14 மாத வாடகை அவற்றில் இல்லை. அந்த 14 மாதங்களுக்காகவே இப்போது நீதிமன்றம் சென்றிருக்கிறோம். மனுவில் முதற் கையொப்பம் அம்மாவுடையது.