முதல் சஃபும் மோதினாரும்

எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் "அஞ்சு மணிக்கு வா" என்று யாரும் சொல்வதில்லை. "அஸர் தொழுதுட்டு வா", "மஃரிபுக்கு முந்திப் பார்த்துக்கலாம்", "இஷாவுக்கு அப்புறம் பேசலாம்" என்றுதான் சொல்வார்கள். கொடுக்கல் வாங்கலும் சம்பந்தப் பேச்சும் தொழுகை வேளையான வக்தை வைத்தே நடக்கும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் பள்ளிவாசல் பக்கம் தலைகாட்டுகிறவரும் இப்படியே பேசுவார் என்பதுதான் வேடிக்கை.

ஐந்து வக்தும் சூரியனின் கணக்கு. கிழக்கு வெளுக்கும்போது சுபுஹு, உச்சி சாய்ந்ததும் லுஹர், சூரியன் மறைந்ததும் மஃரிப், செவ்வானம் அடங்கியதும் இஷா. இடையில் வரும் அஸருக்கு நிழலை அளக்க வேண்டும். உச்சிப்பொழுதின் நிழலைக் கழித்துவிட்டு, ஒரு குச்சியின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமானால் அஸர் வந்துவிட்டது என்பது ஷாஃபி மத்ஹபு (சட்ட மரபு). இரண்டு மடங்கு ஆகவேண்டும் என்பது ஹனஃபி மத்ஹபின் நடைமுறை. கீழக்கரை, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்க்காரர்கள் பெரும்பாலும் ஷாஃபி. உள்நாட்டு ராவுத்தர் ஊர்களில் பெரும்பாலும் ஹனஃபி. இரண்டு அஸருக்கும் நடுவே ஏறத்தாழ ஒரு மணி நேரம் விழும். இரு வகைப் பள்ளிவாசலும் உள்ள ஊரில், வியாபார மும்முரத்தில் ஷாஃபி பள்ளியின் கூட்டுத் தொழுகையான ஜமாஅத்தைத் தவறவிட்ட கடைக்காரர் ஹனஃபி பள்ளிக்கு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். இமாம்களின் கருத்து வேறுபாடு சமுதாயத்துக்கு அருள் என்று ஆலிம்கள் சொல்வதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

தொழுவதற்குப் பள்ளிவாசல் கட்டாயம் இல்லை. பூமி முழுவதும் தொழுமிடமாக ஆக்கப்பட்டிருக்கிறது என்பது நபிமொழி. பயணத்தில் இருப்பவர் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், உட்கார முடியாதவர் படுத்தும் தொழலாம். தண்ணீர் கிடைக்காவிட்டால், தொழுகைக்கு முன் கழுவிச் சுத்தம் செய்யும் ஒளுவுக்குப் பதில் சுத்தமான மண்ணில் தயம்மும் செய்யலாம். இவ்வளவு சலுகையும் கொடுத்த மார்க்கம், சாக்குச் சொல்ல மட்டும் இடம் வைக்கவில்லை.

அப்படியானால் பள்ளி எதற்கு? தனியாகத் தொழுவதைவிட ஜமாஅத்தோடு தொழுவது 27 மடங்கு சிறந்தது என்று நபிமொழி சொல்கிறது. மறுமையில் அதன் கூலி என்ன என்பது அல்லாஹ்வுக்கு வெளிச்சம். இம்மையில் அது செய்வது கண்முன்னே தெரிகிறது. முதல் சஃபில், அதாவது முதல் வரிசையில், யாருக்கும் இடம் பிடித்து வைக்க முடியாது. பிந்தி வந்தால் முதலாளியும் பின் சஃபில், தன் கடைப் பையனின் குதிகாலுக்கு நேரே நெற்றியை வைத்தாக வேண்டும். வெளியே வந்து செருப்பை மாட்டியதும் பழைய கணக்கு தொடங்கிவிடுகிறது, உண்மைதான். ஆனால் நாளுக்கு ஐந்து முறை அந்தக் கணக்கை நிறுத்திவைக்க வேறெந்த ஏற்பாடும் நம் தெருக்களில் இல்லை.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகள் துபாயிலும் சவூதியிலும் இருக்க, பெரிய வீட்டில் தனியாகக் கிடக்கும் முதியவர்கள் எங்கள் ஊர்களில் அதிகம். "ரெண்டு நாளா சுபுஹுக்கு ஆளைக் காணோமே" என்று சஃபில் நிற்கிறவர் விசாரிப்பார். தொழுகை முடிந்ததும் ஒருவர் வீட்டுக்கதவைத் தட்டுவார். காய்ச்சலா, விழுந்துவிட்டாரா என்பது அப்போதுதான் தெரியும். தினமும் வருகிறவருக்கே இந்தக் காவல் கிடைக்கிறது.

பெண்களுக்கு இது பெரும்பாலும் இல்லை. காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்கள் கூடித் தொழும் தைக்காக்கள் இருக்கின்றன. புதிய பள்ளிகள் சிலவற்றில் பெண்களுக்குத் தனி இடமும் வந்திருக்கிறது. பெண்கள் பள்ளிவாசலில் தொழத் தடையில்லை என்று அகில இந்திய முஸ்லிம் தனியார் சட்ட வாரியமே 2023இல் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் "இடவசதி இல்லை" என்கிற பதிலை நான் நம்புவதில்லை.

2020 மார்ச் இறுதியில் கொரோனா ஊரடங்கில் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் எல்லாப் பள்ளிகளும் திறக்கச் செப்டம்பர் முதல் தேதி ஆனது. ரமலான் முழுக்க இரவுத் தொழுகையான தராவீஹ் வீட்டுக்கூடத்தில் நடந்தது. தொழுகை அழைப்பான பாங்கு மட்டும் நிற்கவில்லை. அடைமழை நாளில் "உங்கள் வீடுகளிலேயே தொழுதுகொள்ளுங்கள்" என்று பாங்கில் சொல்லும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. கிதாபில் படித்ததோடு சரி என்றிருந்த அந்த வாசகத்தை அந்த நாட்களில் பல பள்ளிகளில் சொன்னார்கள். ஊர் அடங்கிக் கிடக்க, மோதினார் மட்டும் போய்ப் பூட்டைத் திறந்து, யாரும் வரப்போவதில்லை என்று தெரிந்தே பாங்கு சொல்லிவிட்டு வந்தார்.

யார் இந்த மோதினார்? ஊர் எழுமுன் எழுகிறவர். ஒளுத் தொட்டியான ஹவுளில் தண்ணீர் பார்ப்பதும் பள்ளியைப் பெருக்குவதும் பாய் விரிப்பதும் அவர் வேலை. நோன்புக் கஞ்சிக்கு மேற்பார்வையும், பல ஊர்களில் மௌத்துச் செய்தி அறிவிப்பும் அவரே. வெளியூர்க் கல்யாணத்துக்குப் போவதென்றால் ஐந்து வக்துக்கும் மாற்றாள் சொல்லிவிட்டுத்தான் போக முடியும். அவருக்குக் கிடைக்கும் சம்பளத்தைப் பல ஊர்களில் வாய்விட்டுச் சொல்லவே கூச்சமாக இருக்கும். பெருநாள் அன்று யாராவது கையில் திணிக்கும் நோட்டுகளை நம்பி வீடு நடத்துகிறார். நபிகளார் காலத்தில் பாங்கு சொன்ன பிலால் (ரலி) அவர்களைப் பற்றி மிம்பர் மேடையில் உருகிப் பேசுகிறோம். அதே வேலையைச் செய்கிறவரின் மகளுக்குக் கல்யாணம் என்றால், ஜும்ஆ முடிந்து துண்டு விரிக்கிறோம்.

மதீனாவில் நபிகளார் கட்டிய பள்ளிக்குப் பேரீச்சமரத் தூண்கள், ஓலைக் கூரை. மழை பெய்தால் ஒழுகும். சேற்றில் சுஜூது செய்திருக்கிறார்கள். நம் ஊர்களில் கிரானைட்டும் ஏசியும் வந்துவிட்டன. சுபுஹுக்கு ஒரு சஃபு நிறைந்தால் அதிசயம். பள்ளி அழகாக இருக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. கீழக்கரை ஜும்ஆ பள்ளியின் கல்தூண்களைப் பார்த்துப் பெருமைப்படுகிறவன்தான் நான். ஆனால் ஒரு மினாராவுக்கு ஆகும் செலவில் ஒரு மோதினாரின் குடும்பம் எத்தனை வருடம் மானமாக வாழும் என்று பள்ளியை நிர்வகிக்கும் முத்தவல்லிகள் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் மினாராவின் மதிப்பீட்டை எடுக்குமுன் மோதினாரின் சம்பளத்தை எடுங்கள். அவரையும் உட்காரவைத்து, என்ன வேண்டும் என்று கேளுங்கள். நாளைச் சுபுஹுக்கு நீங்களும் பள்ளிக்குப் போங்கள்.