மாத்திரைக்கும் ஒரு வேளை உண்டு

நாளில் 16 மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வளித்து, எஞ்சிய 8 மணி நேரத்துக்குள் ஆகாரத்தை முடித்துக்கொள்ளும் விரதத்தை அனுஷ்டிப்பவர்கள், வைத்தியனாகிய என்னிடம் முதலில் கேட்பது, "டாக்டர், என்ன சத்து மாத்திரை சாப்பிடலாம்?" என்பதுதான்; எந்த வேளையில் சாப்பிடுவது என்று கேட்பவர் அரியர். ஆனால் தாது உப்புகளின் விஷயத்தில் பாதி வைத்தியம் வேளையை அறிவதிலேயே அடங்கியிருக்கிறது என்பது என் அனுபவம்.

விரதத்தின் ஆரம்ப நாட்களில் தோன்றும் தலைவலியையும் கிறுகிறுப்பையும் பசியின் உபாதை என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஆனால் உண்மையில், ஆகாரம் நின்றபின் இரத்தத்தில் இன்சுலின் தாழ, அதுவரை சோடியத்தைக் காத்துவந்த சிறுநீரகங்கள் அதைச் சற்று மிகுதியாகவே நீருடன் வெளியேற்றுகின்றன. ஆகையால் வெறும் தண்ணீரை மேன்மேலும் குடித்தும் தீராத ஆயாசம், ஒரு சிட்டிகை உப்பிட்ட தண்ணீரால் பலருக்குத் தணிந்துவிடுகிறது. எனினும் உலக சுகாதார ஸ்தாபனம் விதித்துள்ள எல்லை நாளொன்றுக்கு 5 கிராம் உப்புக்கும் குறைவே. ஊறுகாயும் அப்பளமும் அந்தக் கணக்கில் சேர்ந்தவையே.

இரும்புச்சத்து வெறும் வயிற்றில் நன்கு கிரகிக்கப்பட்டாலும், அதே வெறும் வயிற்றில் குமட்டலையும் எழுப்புவதால், நண்பகலில் விரதம் முடிக்கும் வேளையை ஒட்டி அதைக் கொடுத்து, காப்பியையும் தேநீரையும் தள்ளிவைக்கச் சொல்வது என் வழக்கம். கால்சியம் கார்பனேட்டோ, ஜீரண அமிலம் சுரக்கும் போஜன வேளையை நாடுவது. இரும்பின் கிரகிப்பைத் தடுப்பதும் அதுவே என்பதால், அதை இரவு உணவுக்கு ஒதுக்குகிறேன். துத்தநாகமும் உணவுடன் சேர்ந்தால்தான் குமட்டாது; மக்னீசியம் ஆக்சைடு அளவு மீறினால் வயிற்றைக் கலக்கிவிடும். பொட்டாசியத்தை மட்டும் எவரும் தாமாக வாங்கி உண்ணலாகாது. சிறுநீரகம் பழுதுற்றவர்களுக்கும், இரத்த அழுத்தத்துக்கான சில மருந்துகளை உண்பவர்களுக்கும் அது உடலில் தேங்கி இருதயத்தின் லயத்தையே குலைத்துவிடக் கூடும்.

ஏகாதசி உபவாசத்துக்குப் பின் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையையும் நெல்லிக்காயையும் இலையில் சேர்த்த நம் முன்னோரின் வழக்கத்தை எண்ணி நான் வியப்பதுண்டு: கீரையில் கால்சியமும் இரும்பும், அந்த இரும்பை உடல் ஏற்கத் துணைபுரியும் வைட்டமின் சி நெல்லியில். நல்ல பாரணை அமைந்தவருக்கு மாத்திரையின் தேவை பெரும்பாலும் குறைந்துவிடுகிறது.

ஆதலால் விரதம் பூணும் அன்பர்கள் மருந்துக் கடைக்குச் செல்லுமுன் இரத்தப் பரிசோதனை செய்து, சிறுநீரகத்தின் நிலையை அறிந்துகொள்ள வேண்டும். இரத்த அழுத்தமோ நீரிழிவோ உடையவர்கள் வைத்தியரைக் கலந்தே உப்பையும் மாத்திரையையும் தொட வேண்டும்.