மலையடிவாரப் பயணம் – 4: செண்பகத்தோப்பு

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பால்கோவாவும் வாங்கிக்கொண்டு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறவர்கள்தான் அதிகம். மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் செண்பகத்தோப்பைப் பார்க்காமல் போகிறார்களே என்று எனக்கு மனசு ஆறவில்லை.

ஆட்டோக்காரர் பேசிய வாடகை ஒன்று, இறங்கும்போது கேட்டது வேறு. "ரோடு மோசம் சார்" என்றார். ரோடு நன்றாகவே இருந்தது. ஏறும்போதே கூடுதலாகக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். கேட்டதைக் கொடுத்துவிட்டு, எரிச்சலோடு மாந்தோப்பு ஓரமாக நடந்தேன்.

வேலியோரம் நின்ற காவல்காரப் பெரியவர் என் கழுத்தில் தொங்கிய பைனாகுலரைப் பார்த்தார். "அணிலா தம்பி? சத்தம் போடாம வாங்க."

புளியமரமும் மாமரமும் கிளை பின்னிக் கிடந்த இடத்தில், உச்சியில் சுள்ளியும் இலையுமாக ஒரு கூடு. காத்திருந்தோம். வந்தது பாருங்கள்! முதுகில் கோடு கிடையாது. சாம்பல் பூத்த உடம்பு, கறுத்த உச்சந்தலை, உடம்பளவுக்கு நீளமான நரைத்த வால். பின்னங்கால்களால் கிளையைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கியபடி, ஒரு பிஞ்சு மாங்காயை இரு கையாலும் உருட்டி உருட்டிக் கடித்தது. தோல் துணுக்குகள் எங்கள் தலைமேல் விழுந்தன.

"கீழ இறங்குறது அபூர்வம். மரம் மரமாத்தான் தாவிப் போகும். நடுவுல ஒரு மரத்த வெட்டிட்டா அதுக்குப் பாதை போச்சு."

"தோப்பில் நஷ்டம் இல்லையா ஐயா?"

"தேங்காயக்கூட ஓட்ட போட்டுரும். கோவம் வரத்தான் செய்யும். கையத் தட்டி விரட்டுவோம், அவ்வளவுதான்."

கிளம்பும்போது பணம் நீட்டினேன். வாங்கவே இல்லை.

தென்னிந்தியாவையும் இலங்கையையும் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத அணில் இது. இதற்காகவே 1988-ல், சுமார் 485 சதுர கிலோமீட்டர் காட்டைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் அது ஐந்தாவது. புலிக்குக் காப்பகம் வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் முதலில் இந்தக் காட்டுக்குக் காவல் வாங்கித் தந்தது அணில். அதன் பெயர் பின்னுக்குப் போய்விடக் கூடாது.

ஓடையோரம் போனபோதுதான் வயிறு எரிந்தது. சாப்பிட்ட தட்டு, தண்ணீர் பாட்டில், ஷாம்பு பாக்கெட் எல்லாம் தண்ணீரிலேயே கிடந்தன. சாமி கும்பிட வந்த இடத்தில் இப்படிச் செய்ய எப்படித்தான் கை வருகிறதோ! கொண்டுவந்த பையிலேயே திருப்பி எடுத்துப்போனால் என்ன குறைந்துவிடும்?

மலைக்குள் இருக்கும் காட்டழகர் கோயிலுக்கு அன்று வனத்துறை விடவில்லை. மீன்வெட்டிப் பாறை அருவிக்கும் அதே பதில். சாயங்காலம் ராஜபாளையம் போய் அய்யனார் அருவியை எட்டிப் பார்த்தேன். நல்ல கூட்டம், நிற்க இடமில்லை, திரும்பிவிட்டேன்.

அணில் பார்க்க நினைப்பவர்கள் விடிந்ததுமே போய்விடுங்கள். வெயில் ஏறினால் அது கிளையில் படுத்துவிடும்.